சூடேற்றி வைத்த எஞ்சின்

அந்தச் சத்தம் காலை ஐந்து மணிக்கு இருக்கும், ஐந்தேகாலுக்கு இருக்காது. விஷயம் இவ்வளவுதான். இதில் எழுத என்ன இருக்கிறது என்று இந்தப் பக்கங்களை வாசிக்கிற சொற்பப் பேரில் பாதிப் பேராவது கேட்பார்கள். பொய் என்பது சொல்லில்தான் இருக்க முடியுமா, சொல்லாமல் விட்டதிலும் இருக்குமா, ஒரு இரும்புத் தகட்டின் வெதுவெதுப்பில்கூட இருக்க முடியுமா என்ற கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. பெரியபாளையத்தில், ஒரு லோடு வண்டியின் பானெட்டின் மேல் ஒருவர் உள்ளங்கையை வைத்து எடுத்ததிலிருந்து வந்தது. புத்தகங்கள் பிறகு வந்தன. அவை அவ்வளவாக உதவவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வண்டி என் மனைவியின் அண்ணனுடையது. பிக்கப். எந்தக் கம்பெனி என்பது இங்கே அவசியமில்லை. மாலையில் ஆரணியாற்றின் இரு கரையிலும் இருக்கிற கிராமங்களிலிருந்து கத்திரிக்காய், வெண்டைக்காய், பூ மூட்டை ஏற்றிக்கொண்டு ஜனப்பன்சத்திரம் கூட்டுரோடு, செங்குன்றம் வழியாகக் கோயம்பேட்டுக்குப் போகும். நடுநிசிக்குத் திரும்பும். விடிந்தால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இரும்புச் சாமான். ஏழு வருஷம் இப்படி ஓடிய வண்டி. மச்சான் மோசமான ஆள் இல்லை. இதை நான் உறவுக்காகச் சொல்லவில்லை. ஆடியில் பவானியம்மன் கோயிலுக்கு வேப்பிலைச் சேலை கட்டிக்கொண்டு வலம் வருகிறவர்களை வெளியூர்களிலிருந்து ஏற்றி வந்து, கையில் காசில்லாத கிழவிகளிடம் வாடகை வாங்காமல் அனுப்பியவர். நான் எழுதப்போவது ஒரு நல்ல மனிதர் செய்ததைப் பற்றி. அயோக்கியன் செய்திருந்தால் எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

சென்ற மார்கழியில் சத்தம் தொடங்கியது. காலையில் சாவி திருகியதும் தகரடப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது போல ஒரு கடகடப்பு. இரண்டு மூன்று விநாடி. அது அடங்கியதும் அதன் கீழே இன்னொன்று, மந்தமாக, உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி. அது கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கரைந்து போகும். மெக்கானிக்கிடம் எடுத்துப் போனால் சத்தம் இல்லை. அவர் ஷெட் நாலு கிலோமீட்டர் தள்ளி. அந்த நாலு கிலோமீட்டரில் எஞ்சின் சூடாகிவிடுகிறது. மூன்று முறை இப்படி ஆயிற்று. டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் வலி போய்விட்ட நோயாளியின் அவமானம் மச்சான் முகத்தில். 'சத்தம் வருது நைனா, சத்தியமா வருது' என்றார். அவரை அந்தப் பக்கத்தில் எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் மச்சான் சொன்னதை நம்பினார் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. 'நைட்டு வண்டிய இங்கியே வுட்டுட்டுப் போ. அது எங்கிட்ட தூங்கி எழுந்திரிக்கணும்' என்றார்.

இந்த வாக்கியத்தை நான் அன்றிரவு திரும்பத் திரும்ப யோசித்தேன். அறிதல் பற்றி நாம் எழுதுகிற கட்டுரைகளில் அறிகிறவன் எப்போதும் தயாராக இருக்கிறான். பொருளும் அவனுக்கு எதிரே, வெளிச்சத்தில், எந்த நேரமும் இருக்கிறது. இங்கே பொருள் ஒரு நாளுக்குச் சில நிமிஷம்தான் இருக்கிறது. அறிகிறவன் அதன் நேரத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும்.

'குளிர்ந்த எஞ்சின்' என்பதற்கும் மார்கழிக் குளிருக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். சித்திரையிலும் எஞ்சின் காலையில் குளிர்ந்துதான் இருக்கும். ஓடும்போது எண்பது தொண்ணூறு டிகிரியில் இருக்கிற உலோகம் முப்பதுக்கு இறங்கிவிட்டால் அதன் கணக்கில் அது குளிர். ராத்திரி முழுவதும் சும்மா நிற்கும்போது மேலே செயினிலும் டப்பட்டுகளிலும் இருந்த ஆயில் கீழே சம்புக்கு வடிந்துவிடுகிறது. வடியாமல் தடுக்க ஆயில் ஃபில்டருக்குள் ரப்பரில் ஒரு சின்ன வால்வு உண்டு. மட்டமான ஃபில்டரில் அது சீக்கிரம் விறைத்துப்போகும். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் பல வண்டிகளில் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. ஆயில் ஏறும்வரை செயின் தொளதொளவென்று அடித்துக்கொள்ளும். முதல் இரண்டு விநாடிச் சத்தத்துக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இருக்கலாம் என்பதற்கும் இருக்கிறது என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தை நைனா எப்படிக் கடந்தார் என்பதைப் பார்க்கத்தான் நான் விடியற்காலை நாலரைக்கு அங்கே போய் நின்றேன். மச்சான் டீ வாங்கப் போயிருந்தார்.

எரிபொருள் போகாமல் தடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் பத்துப் பதினைந்து விநாடி சுற்றவிட்டார் நைனா. எஞ்சின் உயிர்பெறாமலே சுற்றியது. ஆயில் மேலே ஏறியது. அதன்பிறகு தடையை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தார். கூழாங்கல் சத்தம் வரவே இல்லை. மற்ற எல்லாம் அப்படியே இருக்க ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. இந்த முறைக்கு ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் வெளியிட்ட தர்க்க நூலில் ஒரு பெயர் வைத்திருக்கிறார். நைனாவுக்கு மில் என்றால் அரிசி மில். இதை நான் இருவரில் யாரையும் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் கீழ்ச் சத்தம் அப்படியே இருந்தது. அது ஆயில் சங்கதி இல்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். 1816-இல் பாரிஸில் லாயெனெக் என்ற வைத்தியர் ஒரு காகிதத்தைச் சுருட்டி ஒரு பெண்ணின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து ஸ்டெதாஸ்கோப் பிறந்தது என்பார்கள். ஸ்க்ரூ டிரைவர் அதற்குத் தம்பி முறை. பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டரின் ஒயரையும் கழற்றிக் கழற்றி மாட்டினார். மூன்றாவதைக் கழற்றியபோது தட்டல் மங்கியது. அந்த சிலிண்டரில் வெடிப்பு நின்றதும் பிஸ்டன் மேல் விழுகிற பாரம் குறைந்துவிடுகிறது. 'பிஸ்டன் ஆடுது' என்றார். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். குளிரில் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் சந்து அதிகம். தேய்ந்த எஞ்சினில் இன்னும் அதிகம். பிஸ்டன் பக்கவாட்டில் சாய்ந்து சுவரை அறைகிறது. சூடானால் பிஸ்டன் பருத்துச் சந்து அடைபடும். சத்தம் போய்விடும். தேய்மானம் எங்கும் போகவில்லை.

கனெக்டிங் ராடு பேரிங்காக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அது சூடாக ஆகக் கூடும், ஆயில் இளகிவிடும் இல்லையா என்றார். குறைகிற சத்தம் வேறு, கூடுகிற சத்தம் வேறு. கூடுகிறது எஞ்சினையே உடைக்கும். இது குறைகிற ஜாதி. 'போர் வேல செஞ்சா அறுவதாயிரத்துக்குக் கொறையாது. செய்யலேன்னா இன்னும் ரெண்டு வருஷம் ஓடினாலும் ஓடும். ஆறே மாசத்துல ஆயில் குடிக்க ஆரம்பிச்சாலும் ஆரம்பிக்கும். தெறந்து பாத்தாத்தான் தெரியும்.' நல்ல ஃபில்டர் ஒன்று போட்டார். கூழாங்கல் சத்தம் அத்தோடு ஒழிந்தது. கீழ்ச் சத்தம் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

நியாய தரிசனத்தில் உபாதி என்று ஒரு சங்கதி உண்டு. புகை இருக்குமிடத்தில் நெருப்பு உண்டு என்பது சரி. நெருப்பு இருக்குமிடத்தில் புகை உண்டு என்பது தவறு. காய்ச்சிய இரும்பு குண்டில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. புகை வர ஈர விறகு வேண்டும். அந்த ஈரம்தான் உபாதி. நைனாவின் ஷெட்டில் எனக்கு இது முதல் தடவையாகப் புரிந்தது என்றே சொல்ல வேண்டும், முன்பு படித்தபோது புரிந்ததாக நினைத்திருந்தேன். தேய்மானம் இருக்குமிடத்தில் சத்தம் இருக்கும் என்பதும் அப்படித்தான் தவறு. குளிர் என்ற உபாதியை நீக்கிவிட்டால் தேய்மானம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். மணிமேகலையில் அளவைவாதி எண்ணிச் சொல்லும் பிரமாணங்களில் அபாவமும் ஒன்று. இல்லாமையைக் கொண்டு அறிவது. காய்ச்சிய இரும்பின் முன்னால் அந்தப் பிரமாணம் மோசம் போகிறது.

மச்சான் வண்டியை விற்க முடிவு செய்தார். அறுபதாயிரம் அவரிடம் இல்லை. புரோக்கர் ஒருவரைக் கூட்டிவருவதாகச் சொன்ன நாள் ஞாயிறு, ஏழு மணி. அன்றைக்கு லோடு இல்லை. நான் முந்தின நாள் இரவே அங்கே தங்கியிருந்தேன். ஆறு மணிக்கு எஞ்சின் சத்தம் கேட்டு எழுந்து வாசலுக்கு வந்தேன். மச்சான் வண்டிக்குள் உட்காராமல் வெளியே நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். வண்டி தானாக ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே, 'சூடு ஏறட்டும் மாப்ளே' என்றார்.

இது தினமும் அவர் சொல்கிற வாக்கியம். தினமும் செய்கிற காரியம். லோடு வண்டிக்காரன் எவனும் எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டுத்தான் கிளம்புவான். அதை யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள். அதே கை, அதே சாவி, அதே சொல். சனிக்கிழமை வரைக்கும் அது பராமரிப்பு. ஞாயிற்றுக்கிழமை அது வேறு ஏதோ. என்ன வித்தியாசம்? போக ஓர் இடம் இல்லை என்பது மட்டும்தான். ஒரு செயலைப் பொய்யாக்குவது அதைச் சுற்றி இல்லாமல் போன ஏதோ ஒன்று என்றால் நம் தினசரிக் காரியங்களில் எத்தனை அப்படி இருக்கின்றன என்று நினைக்கக் கொஞ்சம் பயமாக இருந்தது.

மச்சானின் வாதத்தையும் கொடுத்துவிடுகிறேன், அது பலவீனமான வாதமில்லை. 'அந்தச் சத்தம் எதுல கொண்டுபோய் வுடும்னு நைனாவுக்கே தெரியல. தெரியாதத நான் எப்படி சொல்றது? சொன்னா அதுதான் பொய்யாப் போவும்.' சந்தேகத்தை அறிவிப்பது கடமையா என்று இதை மாற்றிக் கேட்கலாம். எனக்குப் பதில் அப்போது கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தது: சத்தத்தின் அர்த்தம்தான் சந்தேகத்துக்குரியது, சத்தம் சந்தேகத்துக்குரியதே இல்லை. அர்த்தம் தெரியாது என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு சத்தத்தையும் சேர்த்து மறைத்தாயிற்று. அர்த்தம் உண்மையிலேயே அற்பமானது என்று அவர் நம்பியிருந்தால் ஆறு மணிக்குச் சாவியைத் திருகியிருக்க மாட்டார்.

சிசரோ கி.மு. 44-இல் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பாகத்தில் இந்தத் தகராறு அப்படியே இருக்கிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம்; அலெக்சாண்டிரியாவிலிருந்து தானியக் கப்பலோடு வந்த வியாபாரிக்குப் பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது தெரியும். சொல்ல வேண்டுமா? குறையுள்ள வீட்டை விற்கிறவன் குறையைச் சொல்ல வேண்டுமா? பாபிலோனின் டயோஜெனஸ், சட்டம் சொல்லச் சொன்னதைச் சொன்னால் போதும் என்கிறார். அவருடைய சீடர் ஆண்டிபேட்டர், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், மனித சமூகம் என்று ஒன்று இருப்பதன் பொருளே அதுதான் என்கிறார். சிசரோ சீடர் பக்கம். ஆனால் எங்கள் வாசலில் நடந்ததற்கு இந்த இரண்டு உதாரணத்தையும்விடக் கிட்டத்தில் வருவது அதே பாகத்தில் சொல்லப்படும் சிராக்யூஸ் நகரத்துப் பித்தியஸ் கதை. தன் தோட்டத்தை விற்க அவன் மீனவர்களை ஏற்பாடு செய்து தோட்டத்துக்கு முன்னால் அன்று ஒருநாள் மட்டும் மீன் பிடிக்கச் சொல்கிறான். வாங்க வந்த ரோமாபுரிக் கனவான் படகுகளின் கூட்டத்தைப் பார்த்து மயங்கி வாங்குகிறான். மறுநாள் ஒரு துடுப்புகூட இல்லை. பித்தியஸ் தன் வாய்ப் பொய்யை மட்டும் நம்பியிருக்கவில்லை. சாட்சியங்களைப் பேச வைத்தான்.

நம் ஊர்ச் சட்டம் குதிரையைப் பற்றிப் பேசுகிறது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பதினேழாவது பிரிவு. குறையுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறவன் குறையைப் பற்றி வாயே திறக்காவிட்டால் அது மோசடி ஆகாது. வாங்குகிறவள் அவனுடைய மகளாக இருந்து, இப்போதுதான் மேஜரானவளாகவும் இருந்தால், சொல்லியாக வேண்டும். வாங்குகிறவன், 'நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்' என்று சொல்லி, விற்கிறவன் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சு. ஏலத்து அந்நியனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு உண்மை என்று படி அளக்கிற இந்த ஏற்பாடு எனக்கு நாவல்களில் வரும் தர்மத்தைவிட நிஜமாகப் படுகிறது, பிடிக்கவில்லை என்றாலும். தெரிந்த விஷயத்தை முனைந்து மறைப்பது அதே பிரிவில் மோசடிதான். மௌனமாக இருக்கிற குதிரைக்காரன் வாங்குகிறவனின் கண்ணை விட்டுவைக்கிறான். அவன் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். எஞ்சினைச் சூடேற்றுகிறவன் கேட்க வந்தவனின் காதை முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிடுகிறான்.

பழைய கார் சந்தையை வைத்து 1970-இல் ஏகர்லாஃப் எழுதிய பிரசித்தமான கட்டுரையையும் சொல்ல வேண்டும், 2001-இல் நோபெல் பரிசுக்குக் காரணமானது. விற்கிறவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரியாது என்றால் வாங்குகிறவன் எல்லா வண்டியையும் சந்தேகித்து விலையைக் குறைப்பான். நல்ல வண்டிக்காரன் சந்தையைவிட்டுப் போய்விடுவான். கணக்கு சரி. பொருளாதாரத்தில் பொய் ஒரு விலையாக மாறிவிடுகிறது, அதற்குப் பிறகு அதைப் பற்றி வெட்கப்பட யாரும் மிச்சமில்லை. எனக்கு அது போதவில்லை.

தமிழில் மெய் என்பது உடம்புக்கும் உண்மைக்கும் ஒரே சொல். வள்ளுவரின் வாய்மை அதிகாரம் சொல்லில் தொடங்கி உள்ளத்துக்குள் போகிறது. வாய் பேசாமல், உள்ளம் தன்னையே ஏமாற்றிக்கொண்டு, உடம்பு மட்டும், அதுவும் இரும்பாலான உடம்பு, பொய் சொல்ல முடியும் என்பதை எந்த அதிகாரத்தில் வைப்பது?

இங்கே ஒரு இடைச்செருகல். நம் வட்டத்தில் கவிதைகள் எப்படி வாசிக்கப்படுகின்றன? நண்பர் வீட்டு மொட்டைமாடி, டீ, கவிஞரே தன் குரலில் வாசிக்கிறார், அதற்கு முன்னால் அவர் பட்ட கஷ்டங்களைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச்சு நடந்திருக்கிறது. தொகுப்பாக வந்தால் முன்னுரை. முன்னுரை எழுதித் தருகிறவர்கள் ஆறு மணிக்கே வந்து சாவியைத் திருகிவிடுகிறார்கள். விமர்சகன் ஏழு மணிக்கு வருகிறான்; சத்தம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறான். நானும் அப்படி மூன்று மதிப்புரைகள் எழுதியிருக்கிறேன். ஒரு கவிதையும் என்னிடம் ராத்திரி தங்கி எழுந்திருக்கவில்லை.

வாங்க வந்தவர் கவரைப்பேட்டைப் பக்கத்துக்காரர். கூட அவர் மகன், இருபது வயதிருக்கலாம், லைசென்ஸ் புதிது. புரோக்கர் ஆர்.சி. புக், எஃப்.சி., இன்ஷூரன்ஸ் என்று அடுக்கிக்கொண்டிருந்தார். மச்சான் ஆறே முக்காலுக்கு எஞ்சினை நிறுத்தியிருந்தார். பெரியவர் டயரைப் பார்த்தார், அடியில் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து எழுந்துகொள்ள ஊன்றுகிறவர் போல பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கை அங்கேயே ஒரு கணம் நின்றது. கையை எடுத்தார். என்னைப் பார்த்தார். மச்சானைப் பார்க்கவில்லை, என்னைத்தான். படித்தவன் மாதிரி இருப்பதால் இருக்கலாம். 'நீங்க இன்னா சார் சொல்றீங்க, வண்டி எப்படி?' என்றார்.

'நல்லா ஓடுது' என்றேன்.

இது உண்மை. நான் அதில் போயிருக்கிறேன், நன்றாக ஓடுகிறது. ஒப்பந்தச் சட்டத்தின் மூன்றாவது குதிரை அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வேறு பதில் சொல்லியிருப்பேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மச்சானின் அறுபதாயிரம், தங்கை குடும்பத்துக்கு அவர் செய்தது, அந்த வீட்டில் நான் தின்ற சாதம் எல்லாம் அந்த இரண்டு சொல்லில் இருந்தன. ஆண்டிபேட்டருக்கு மைத்துனர் இருந்தாரா?

பெரியவர் தலையாட்டினார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், கேட்டார், நிறுத்தச் சொன்னார். பிறகு பேசியிருந்த தொகையில் இருபதாயிரம் குறைத்துக் கேட்டார். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. மச்சானும் காரணம் கேட்கவில்லை, இது அவர் வழக்கமே இல்லை. பத்தாயிரம் என்று ஏறி, பதினைந்தில் முடிந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரிந்தது மச்சானுக்கும் தெரிந்தது. எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் சத்தமே இல்லாமல் அந்தச் சத்தம் விலை பேசப்பட்டது. புரோக்கர் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார்.

ஏமாற்றப்பட்டவனுக்கே தெரிந்திருந்தால் அது ஏமாற்றா? ஆமாம் என்றுதான் நினைக்கிறேன். அவர் கண்டுபிடித்தது அவருடைய சாமர்த்தியம். அது மச்சான் கணக்கிலும் என் கணக்கிலும் வரவாகாது. ஆனால் இந்தப் பதிலில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. பதினைந்தாயிரம் என்ற எண்ணில் அவர் எங்களை மன்னித்துவிட்டார் போலவும் இருக்கிறது, எங்களையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார் போலவும் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் யாரும் குளிர்ந்த எஞ்சினைக் காட்டி வண்டி விற்பதில்லை என்றால், சூடான பானெட்டே ஒரு பாஷை ஆகிவிடுகிறது. அந்தப் பாஷை தெரிந்தவர்களுக்குள் அது பொய்யாக இருக்க முடியாதோ என்னவோ. நாளைக்கு வாங்கினவரே விற்கும்போது அவரும் ஆறு மணிக்குச் சாவியைத் திருகுவார்.

பையனுக்கு அந்தப் பாஷை தெரியாது. அவன் பானெட்டைத் தொடவில்லை. அப்பாவும் அவனிடம் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. காசு எண்ணிக்கொண்டிருந்தபோது அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கியரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். தினமும் காலையில் இதை ஸ்டார்ட் செய்யப்போகிறவன் அவன்தான். 'காலைல எடுத்தா ஒடனே கெளப்பிடலாமா சார்?' என்று அவனாகவே கேட்டான்.

'ரெண்டு நிமிஷம் ஐடில்ல வுட்டு எடு. ஆயில் மேல ஏறட்டும். ஃபில்டர் மட்டும் நல்லதா போடு' என்றேன்.

'சரி சார்' என்றான்.

வண்டி கவரைப்பேட்டையிலிருந்து சிப்காட்டுக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று போன வாரம் மச்சான் சொன்னார். யாரும் எதற்கும் போன் செய்யவில்லையாம். சத்தத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் பேச்செடுக்கவில்லை.